அது இருக்கட்டும்ங்க

செருப்பை நினைத்துத்தான் தையல்நாயகிக்கு முதல் கவலை. கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்போடு நுழையக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், கம்ப்யூட்டருக்கு என்ன ஆசாரமோ தெரியவில்லை, பரீட்சைக்கு வந்த பன்னிரண்டு பேரும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள், அதில் இவளுடையது போன வியாழக்கிழமை வாங்கியது, காப்பிப்பொடி நிறம், குறுக்கே பூப்போட்ட வார், முதலில் முடித்துவிட்டுப் போகிறவள் புதுசாகப் பார்த்துக் காலை நுழைத்துக்கொண்டு போய்விட்டால் யாரிடம் போய்க் கேட்பது. பழசையே போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் பழசைப் போட்டுக்கொண்டு வந்துதான் போன தடவை ஃபெயிலானாள். செருப்புக்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஒரு சம்பந்தமும் கிடையாது, அது அவளுக்கும் தெரியும், தெரிந்தேதான் கடைக்குப் போய்ப் புதுசு வாங்கினாள். போகட்டும். வெறுங்காலுக்குத் தரை சில்லென்று இருந்தது. ஏசி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டே கால் மணிக்கு, சித்திரை வெயில் வெளியே தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருக்கும்போது, சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வேலையும் இல்லாமல் காத்திருப்பது அவளுக்கு லேசில் கிடைக்கிற விஷயமா. பன்னிரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே நாற்காலி சுழலாது, ஒரு கால் மட்டும் ஆடும், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் காலை ஏழரையிலிருந்து ஒரே கூட்டம், அத்தனை பேர் மூச்சும் வலை வழியாக முகத்தில் அடிக்கும். இன்றைக்கு லீவு. யாரும் வலையைத் தட்டி "எம்மா, சீட்டு" என்று கேட்கமாட்டார்கள். மதியம் தின்ற தயிர்சாதமும் மாவடுவும் வயிற்றில் குளுமையாக இருந்தன. பரீட்சை மட்டும் இல்லையென்றால் இந்த மதியத்துக்கு ஒரு குறையும் சொல்லமுடியாது, பரீட்சை இல்லையென்றால் இங்கே யார் உட்காரவிடப்போகிறார்கள் என்பதும் வாஸ்தவம்தான். அவள் நாற்காலியை லேசாக இடமும் வலமுமாக ஆட்டிப் பார்த்துக்கொண்டாள்.

வினாத்தாளில் இருந்தது ஒரே ஒரு கேள்வி. ஒரு எளிய கால்குலேட்டருக்கு நிரல், அதாவது புரோகிராம், எழுதவேண்டும். இரண்டு எண்களைக் கேட்டு வாங்கி, கூட்டவா கழிக்கவா பெருக்கவா வகுக்கவா என்று கேட்டு, விடை சொல்லவேண்டும். போன தடவையும் இதே கேள்விதான், அப்போது அவள் புருஷன் குஞ்சிதபாதம், பஸ் டெப்போவில் மெக்கானிக், "பத்து வெரல் இருக்கறப்ப இதுக்கு ஒரு பரீட்சையாடி" என்று சிரித்தான். கூட்டல் கழித்தல் ஒரு பொருட்டே இல்லை, நாலு வரி. கேள்வியின் வாலில்தான் வம்பு இருந்தது. பயனாளர் எதை உள்ளிட்டாலும் நிரல் நின்றுபோகக் கூடாது, உள்ளீடு தவறு எனில் தகுந்த செய்தி காட்டி மீண்டும் கேட்கவேண்டும். எதை உள்ளிட்டாலும். போன தடவை வந்த தேர்வாளர் ஒன்றையுமே உள்ளிடவில்லை, வெறுமனே எண்டரைத் தட்டினார். அவ்வளவுதான், திரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாக இங்கிலீஷ் வரிகள் கொட்டி, நிரல் அங்கேயே படுத்துவிட்டது. அவர் அடுத்த மெஷினுக்குப் போனார். மனுஷன் ஒன்றும் சொல்லாமலும் நிற்பான் என்பது இவளுக்குத் தெரியாதா, கவுண்ட்டரில் தினம் நாலு பேர் அப்படித்தான், பேரென்ன என்றால் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், தெரிந்தும் அதற்கு ஒரு வரி எழுதாமல் விட்டாளே, அந்த ஆத்திரம் ஆறு மாசமாக ஆறவில்லை. இந்தத் தடவையும் விட்டால் இன்னொரு தடவை கிடையாது. இந்தக் கம்ப்யூட்டர் பரீட்சையின் சர்ட்டிபிகேட் வைத்திருக்கிற ஒப்பந்த ஊழியர்களை நிரந்தரமாக்கிப் பதிவேட்டுப் பிரிவில் போடப்போகிறார்கள், இந்த வருஷத்தோடு சரி, கடைசித் தேதி இந்த மாசம் முப்பது. நிரந்தரமானால் பதினோரு மாசத்துக்கு ஒரு தரம் "என்னை மீண்டும் பணியில் எடுத்துக்கொள்ளுமாறு தாழ்மையுடன்" என்று மனு எழுதிக்கொண்டு ஆபீஸ் கதவோரம் நிற்கவேண்டாம். பதினோரு தடவை எழுதியிருக்கிறாள். தாழ்மையுடன் என்ற வார்த்தைக்கு வரும்போதெல்லாம் பேனா ஒரு கணம் மக்கர் பண்ணும், மையெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அதனால் இந்தத் தடவை அவள் எல்லாவற்றுக்கும் வழி பண்ணி வைத்திருந்தாள். வெறும் எண்டர் தட்டினால், எழுத்தை அடித்தால், ஆச்சரியக்குறி போட்டால், எண்ணுக்கு முன்னால் இடம் விட்டால், சைபரால் வகுக்கச் சொன்னால், twelve என்று எழுத்தால் எழுதினால் என்று ஒவ்வொன்றையும் சமையல்கட்டு காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துக்குறித்து, ஒவ்வொன்றுக்கும் தடுப்பு எழுதிப் பழகியிருந்தாள். பழைய காலண்டர்தான், ஆனாலும் குஞ்சிதபாதம் திட்டினான்.

ஆனால் மனிதர்கள் என்னென்ன உள்ளிடுவார்கள் என்பதற்கு ஒரு முடிவு உண்டா. பாடம் நடத்துகிற ஜெசிந்தா மேடம், இருபத்தேழு வயசுப் பெண், இதற்கென்றே ஒரு முழு வகுப்பு எடுத்தாள், "யூசர் என்ன வேணா அடிப்பான், அவனை நம்பவே கூடாது" என்று போர்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள். தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அவள் கேட்பது நாலே கேள்வி, பேர், வயசு, ஊர், என்ன உடம்புக்கு, அந்த நாலுக்கும் மனிதர்கள் நாலாயிரம் விதமாகப் பதில் சொல்லிக் கேட்டவள் அவள். வயசு என்னங்க என்றால் "ஒங்க வயசுதான் இருக்கும்" என்பார், எழுபதுக்குக் குறையாத ஆள். ஊரைக் கேட்டால் பஸ் நம்பரைச் சொல்வார்கள். என்ன உடம்புக்கு என்றால் மருமகள் குணத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். வீட்டுக்காரருக்குச் சீட்டு வாங்க வந்த ஒருத்தி, அவர் பேரென்ன என்று கேட்டதற்கு, வெட்கப்பட்டுக்கொண்டு சுவரில் தொங்கின காலண்டரைக் கைகாட்டினாள், அதில் சிவன், பார்வதி, பிள்ளையார், முருகன் என்று குடும்பமே உட்கார்ந்திருந்தது. "இதுல யாரும்மா" என்றாள் இவள். "மயிலு மேல இருக்காருல்ல, அவருக்கு மூத்தவரு" என்று பதில் வந்தது. கணபதியா என்று கேட்டு, அவள் தலையை ஆட்ட, போட்டுக்கொண்டாள். இதையெல்லாம் தப்பு என்று எப்படிச் சொல்வது. கேட்டதற்குப் பதில் வரவில்லை, அவ்வளவுதான், ஆனால் ஏதோ ஒரு பதில் வந்திருக்கிறது, ஜுரத்தோடு பஸ் ஏறி வந்து, வரிசையில் ஒரு மணி நேரம் நின்று சொன்ன பதில். அதனால் யார் என்ன சொன்னாலும் முழுசாகக் கேட்டுக்கொண்டு, "அது இருக்கட்டும்ங்க, இப்போ வயசை மட்டும் சொல்லுங்க" என்பாள். குரலை உயர்த்தமாட்டாள். நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது என்று முதல் பாதி, ஆகவேண்டிய காரியம் இரண்டாம் பாதி, இந்த ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் அவள் அந்தக் கவுண்ட்டரை ஓட்டுகிறாள். கால்குலேட்டருக்கும் அதையே எழுதிவிட்டாள், வயசுக்குப் பதில் நம்பர் என்று மட்டும் மாற்றி. அடுத்தவர்களைச் சொல்வானேன், அவள் மட்டும் என்ன ஒழுங்கு. காலையில் முதல் சீட்டு போடுவதற்கு முன்னால் பேர்க் கட்டத்தில் ஒரு பிள்ளையார் சுழி அடிப்பாள், உ என்று ஒரே எழுத்து, அடித்த கையோடு அழித்தும் விடுவாள், பிறகுதான் முதல் ஆளைக் கூப்பிடுவாள். நோட்டில் எழுதின காலத்தில் சுழி போட்டுப் பழகின விரல், கம்ப்யூட்டர் வந்தபிறகு சும்மா இருக்குமா. அழித்துவிட்டால் பிள்ளையாருக்குத் தெரியாமலா போய்விடும், அவர் கணக்கில் அது இருக்கும் என்று அவள் எண்ணம்.

கதவு திறந்து மூடியது. யாரோ முடித்துவிட்டுப் போகிறார்கள். காப்பிப்பொடி நிறம் ஒரு கணம் கண்ணுக்குள் வந்து போயிற்று. தேர்வாளர் நாலாவது மெஷினுக்கு வந்திருந்தார். சபாநாயகம் என்று பேர், வெளியூர்க் கல்லூரிக்காரர், ஒல்லியான ஆள், கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், ஒற்றை விரலால்தான் டைப் அடித்தார், ஆனால் அந்த ஒற்றை விரல் என்ன பண்ணும் என்று சொல்லமுடியவில்லை. மூன்றாவது மெஷினில் உள்ளங்கையை அப்படியே கீபோர்டில் வைத்து அழுத்தினாரே. அந்தப் பெண்ணின் முகம் விழுந்துபோனது இங்கிருந்தே தெரிந்தது. இவள் மெஷின் ஒன்பதாவது. உள்ளங்கைக்குத் தடுப்பு இருக்கிறதா என்று மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள், இருக்கிறது, எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து வந்தால் அது எண் இல்லை, செய்தி வரும், மறுபடி கேட்கும். அப்போது ஜெசிந்தா மேடம் ஏதோ வயரைச் சரிபார்க்கிறவள் போலப் பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தாள். "அக்கா, மெசேஜ்ல இந்த 'ங்க' எல்லாம் வேணாம்க்கா. கவர்மெண்ட் பரீட்சை. தவறான உள்ளீடுன்னு போட்டுடுங்க, எல்லாரும் அதான் போட்ருக்காங்க. தகுந்த செய்தின்னா அதான். சார் கட் பண்ணிட்டாருன்னா ரெண்டு மார்க்ல போயிடும்." "மாத்தலாங்களா மேடம்?" "அவர் உங்க மெஷினுக்கு வர்ற வரைக்கும் மாத்தலாம். சீக்கிரம்." சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நல்ல பெண். போன தடவை இவள் ஃபெயிலானபோது இவளைவிட அதிகமாக அழுதவள் அவள்தான். சொன்னால் கேட்டுக்கொள்ளவேண்டியதுதானே, ரெண்டு மார்க் என்பது சின்ன விஷயமா, முப்பதாம் தேதிக்குள் கையில் தாள் இருக்கவேண்டும், இதில் ஒரு 'ங்க' இருந்தாலென்ன போனாலென்ன. தையல்நாயகி கீபோர்டைத் தமிழுக்கு மாற்றி, தன் வாக்கியத்தை எழுத்தெழுத்தாகப் பின்பக்கமாகவே அழித்து, தவறான உள்ளீடு என்று அடித்தாள். மற்றவர்கள் வைத்திருப்பதுபோலச் சிவப்பு நிறமும் கொடுத்தாள். ஓட்டிப் பார்த்தாள். வெறும் எண்டர் தட்டினாள். தவறான உள்ளீடு. திரையில் அந்த இரண்டு வார்த்தையும் சிவப்பாக வந்து நின்றபோது வயிற்றில் தயிர்சாதத்தின் குளுமை காணாமல்போயிற்று.

ஏனென்றால் அந்தச் சிவப்பை அவள் பார்த்திருக்கிறாள். இதே இரண்டு வார்த்தை. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், 2013, கவுண்ட்டரில் நோட்டை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்த முதல் வாரம். கட்டம் கட்டமாக நிரப்பவேண்டும், ஒரு கட்டம் சரியாக இல்லாவிட்டால் அடுத்த கட்டத்துக்கு விடாது, தவறான உள்ளீடு என்று சிவப்பில் அடித்துச் சொல்லும். அவளுக்கு மெஷினைக் கண்டாலே பயம். அந்த நேரத்தில்தான் அந்தப் பெரியவர் வந்தார். மஞ்சள் துணிப்பை, கழுத்தில் ஈரத் துண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். வயசு என்னங்க என்று கேட்டாள். "பெரும்புயலு அடிச்சுதுல்லம்மா, கார்த்தியில, அப்ப எங்கம்மா வவுத்துல நெறமாசமா இருந்தேன். தை பொறந்ததும் நானும் பொறந்துட்டேன்." வயசு, வயசைச் சொல்லுங்க. "அதாம்மா சொல்றேன், பெரும்புயலு." பின்னால் வரிசையில் கத்தினார்கள். பயத்தில் அவர் சொன்னதையே கட்டத்தில் அடித்துப் பார்த்தாள், பெரும்புயல் என்று. தவறான உள்ளீடு. மறுபடி அடித்தாள். தவறான உள்ளீடு. அப்போது அவள் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது, அவள் குரல்தான், ஆனால் அந்தச் சிவப்புக் கட்டத்தின் குரலும் அதுதான். "தப்பாச் சொல்றீங்க. தள்ளி நில்லுங்க. வயசு தெரிஞ்சுக்கிட்டு வாங்க." அவர் கோபப்படவில்லை. சரிம்மா என்றார். தூண் ஓரமாகத் தள்ளி நின்றார். ஏதோ பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் தெரியாதவர் மாதிரி மேலே பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். பத்து ஆளுக்குச் சீட்டு போட்டுவிட்டு நிமிர்ந்தபோது தூண் ஓரத்தில் ஆள் இல்லை. அன்று ராத்திரி சாப்பாட்டின்போது குஞ்சிதபாதத்திடம் சொன்னாள், அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "கார்த்தியில அடிச்ச பெரும்புயலா, அது அம்பத்திரண்டுடி. இது தெரியாதா. தையில பொறந்தாருன்னா அம்பத்திமூணு" என்றான். அவ்வளவுதான் கணக்கு. ஒரு கழித்தல். அந்த மனிதர் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறார், மாசம் முதற்கொண்டு சொல்லியிருக்கிறார், ஊரில் பாதிப் பேருக்கு அவ்வளவு திருத்தமாகத் தன் பிறப்பு தெரியாது. இவள்தான் கணக்குப் போடவில்லை. மறுநாள் முதல் தினம் தூணைப் பார்ப்பாள். மஞ்சள் பை எதைக் கண்டாலும் எட்டிப் பார்ப்பாள். வரவில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், வயிற்று வலிதானே, சுக்கு கஷாயத்தில் கேட்டிருக்கும், இன்றைக்கும் எங்கேயாவது வெயிலில் மாடு பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருப்பார் என்று தனக்குத்தானே நல்லபடியாகச் சொல்லிக்கொள்வாள், பாதி நாள் அதை நம்பவும் செய்வாள். அந்த வாரத்துக்குப் பிறகு கவுண்ட்டரில் தப்பு என்ற சொல்லை அவள் எடுத்ததில்லை. இருக்கட்டும்ங்க என்பது அங்கே பிறந்த வார்த்தை.

எட்டாவது மெஷினுக்கு வந்துவிட்டார் சபாநாயகம். பக்கத்து நாற்காலி பர்வீன் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். அவர் விரல் அவள் கீபோர்டில் abc என்று தட்டியது, தவறான உள்ளீடு என்று சிவப்பாக வந்தது, சரி என்று தலையாட்டித் தாளில் ஒரு டிக் போட்டார். பார்த்தாயா, டிக். ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்படியே விட்டுவிட்டால் இவளுக்கும் ஒரு டிக், முப்பதாம் தேதி, பதிவேட்டுப் பிரிவு, மின்விசிறிக்கு நேர் கீழே மேஜை. எழுந்து போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, இருந்தால், பஸ் ஏறி, வழியில் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். யாருக்கும் நஷ்டமில்லை. இந்தக் கால்குலேட்டரை யார் பயன்படுத்தப்போகிறார்கள், சாயங்காலமே இந்த மெஷின்களைத் துடைத்து அழித்துவிடுவார்கள், எந்தப் பெரியவரும் வந்து இதனிடம் புயலைச் சொல்லப்போவதில்லை. எல்லாம் சரி. ஆனால் திரையில் அந்த இரண்டு வார்த்தை இருந்தது, அதை எழுதினது அவள் விரல். வேறு யாரோ செய்து அனுப்பிய கட்டம் என்று அப்போதாவது ஒரு சாக்கு இருந்தது, இப்போது இவளே கட்டம் கட்டி இவளே சிவப்படித்து வைத்திருக்கிறாள். தகுந்த செய்தி. யாருக்குத் தகுந்த. அடுத்த நிமிஷம் கை தானாகப் போய் அந்த வரியைத் திறந்தது. தவறான உள்ளீடு என்பதை அழித்தாள். அது இருக்கட்டும்ங்க. இப்போ நம்பரை மட்டும் சொல்லுங்க. ட-வுக்குப் பதில் த விழுந்தது, அழித்து மறுபடி அடித்தாள், பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம், பர்வீன் தேங்க்யூ சார் என்கிறாள், சிவப்பை எடுத்தாள், மேற்கோள் குறியை மூடினோமா, மூடாவிட்டால் நிரல் தொடங்கவே தொடங்காது, மூடியிருக்கிறது, அடைப்புக்குறி, இருக்கிறது. சேமித்தாள். ஓட்டினாள். ஒரு தரம்கூடச் சோதித்துப் பார்க்க நேரமில்லை. முதல் எண் என்று கேட்டுக்கொண்டு திரையில் கோடு துடித்துக்கொண்டிருந்தது. ஆச்சரியம் என்னவென்றால் பயம் பறந்துவிட்டது, தரை மறுபடி சில்லென்று இருந்தது, ஃபெயிலானாலும் இதோடுதான் ஃபெயிலாவேன் என்று நினைத்தபோது மனசு நிறைந்திருந்தது.

"ம், ஆரம்பிங்கம்மா. நீங்களே அடிங்க, நான் பாக்குறேன்" என்றார் சபாநாயகம், கண்ணாடியை மாட்டிக்கொண்டே. மற்றவர்களிடமெல்லாம் அவரே அடித்தவர், ஒற்றை விரல் வலித்துவிட்டதோ என்னவோ. ஆரம்பிங்க என்ற சொல் காதில் விழுந்தது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் காலையில் ஏழரை மணிக்கு ஆரம்பித்த விரல் யாரைக் கேட்டது, யாருக்காகக் காத்தது, நேராகப் போய் ஒற்றை எழுத்தை அடித்துவிட்டது, கீபோர்டோ இன்னும் தமிழிலேயே இருந்தது. உ. அழிக்கப்போன விரல் பதட்டத்தில் எண்டரில் போய் விழுந்தது. முதல் எண்: உ. காலண்டரின் பின்பக்கம் முழுக்க எழுதினாளே, வெறும் எண்டர், ஆச்சரியக்குறி, உள்ளங்கை, எல்லாம் எழுதினாளே, பிள்ளையார் சுழியை எழுதினாளா. தமிழ் எழுத்தை ஒரு தரம்கூடச் சோதித்ததில்லை, இங்கிலீஷ் எழுத்தைத்தானே சோதித்தாள், சிவப்பு வரிகள் கொட்டப்போகின்றன, போயிற்று, இவளே, இவள் கையாலேயே, ஊரில் இருக்கிற அத்தனை பேரும் எப்படியெல்லாம் தப்பாகச் சொல்வார்கள் என்று யோசித்தவள் தன்னை ஒருத்தியை மறந்துவிட்டாளே. ஜெசிந்தா மேடம் அங்கே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். திரை ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு, சிவப்பில் அல்ல, சாதாரண எழுத்தில், அவள் நிதானமாக இருக்கும்போது பேசுகிற அதே குரலில் அவளிடம் சொன்னது.

அது இருக்கட்டும்ங்க. இப்போ நம்பரை மட்டும் சொல்லுங்க.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக இதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள், தனக்கு ஒருவர் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. இவ்வளவு ஆறுதலாகவா இருக்கும் இது. சபாநாயகம் குனிந்து திரையைப் படித்தார், அந்த உ-வைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார். "சுழி போட்டீங்களாக்கும்." "பழக்கம் சார். தெரியாம." "முப்பது வருஷமா இந்தப் பரீட்சை நடத்துறேன். சுழி போட்டு யாரும் சோதிச்சதில்ல. என் நிரல்ல போட்டாக்கூட என்ன ஆயிருக்குமோ. நீங்களே தப்புப் பண்ணி நீங்களே சமாளிச்சுட்டீங்க, நான் இனிமே என்னத்தைச் சோதிக்கிறது." தாளில் டிக் போட்டார். பிறகு பேனாவை நிறுத்தி, "இந்த வாக்கியம் யாரு எழுதச் சொன்னது" என்று கேட்டார். "நானாத்தான் சார்." ரெண்டு மார்க். போனால் போகட்டும். "தகுந்த செய்தின்னு கேட்டிருக்கு. தகுந்ததாத்தான் இருக்கு" என்று சொல்லி, எழுதின மார்க்கைத் தாளைச் சாய்த்துக் காட்டினார், ஐம்பதுக்கு நாற்பத்தேழு, பாஸ் மார்க் இருபத்தைந்து. எந்த மூன்று போயிற்று என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. "முடிக்கிறதுக்கு ஏதாவது ரெண்டு எண் போட்டு விடையக் காட்டிடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். ஏதாவது என்றால் எது. அவள் யோசிக்கக்கூட இல்லை. முதல் எண் என்று கேட்டது, 2013 என்று அடித்தாள். என்ன செய்யவேண்டும் என்று கேட்டது, கழித்தல். இரண்டாவது எண், 1953. விடை 60 என்று வந்தது. சபாநாயகம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்தாவது மெஷினுக்குப் போய்விட்டார், ஜெசிந்தா மேடம் தூரத்திலிருந்து இரண்டு கட்டைவிரலையும் காட்டிக்கொண்டிருந்தாள், வாசலில் செருப்பு இருக்கிறதோ இல்லையோ என்ற நினைப்பே எங்கோ போய்விட்டது. தையல்நாயகி நாற்காலியை நகர்த்தாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது வயசுங்க உங்களுக்கு. சீட்டு போட்டாச்சு. எட்டாம் நம்பர் ரூம்ல டாக்டர் இருக்காரு, நேராப் போயி இடதுகைப் பக்கம் திரும்புங்க, மெதுவாப் போங்கய்யா.